விமானச் சட்டத்தின் சில சொற்களும் ஏழு கன்னியர் மலையும்

பன்வில பக்கத்திலிருந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் அது தெரிவதை விட மறைந்திருப்பதே அதிகம். காலையில் வத்தேகம பஸ்ஸுக்காக நிற்கும்போது மலை இருந்த இடத்தில் முகில் மட்டும் இருக்கும். அந்த முகிலுக்கு மேலால் எப்போதாவது ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்கும். "கீழே மலை இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிறு வயதில் வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அவங்கட்ட மெப் இருக்கும் மகள்" என்றார் வாப்பா.

அந்தப் பதிலில் பாதி சரி. மற்றப் பாதி சட்டத்தில் இருக்கிறது என்பதை உயர்தரத்துக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டேன். விமானியாகப் பயில விரும்பும் ஒருவர் எழுத வேண்டிய பரீட்சைகளில் வானிலை, வழிகாணல், விமானம் பற்றிய பொது அறிவு ஆகியவற்றோடு விமானச் சட்டமும் ஒரு பாடம். சட்டம் என்றதும் நீதிமன்றம், தண்டப்பணம் என்றே முதலில் நினைத்தேன். படிக்கத் தொடங்கியதும் அதில் பெரும்பகுதி சொற்களின் பொருளைப் பற்றியது என்று தெரிந்தது. ஒரு சொல்லைச் சொன்ன பிறகு யார் எதற்குப் பொறுப்பு என்பதை அது வரையறுத்து வைத்திருக்கிறது. இந்தச் சொற்களைப் பட்டியலாக மனனம் செய்து பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. எமது மலைநாட்டில் நடந்த ஒரு விபத்தோடு சேர்த்துப் படித்தபோது நின்றன. ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தா நோக்கி ஒரு டீ.சீ. 8 விமானம் வந்துகொண்டிருந்தது. அதில் 182 ஹஜ் யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும் இருந்தார்கள். இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக நெதர்லாந்தின் மார்ட்டினெயார் நிறுவனம் அந்த விமானத்தை இயக்கியது. வழியில் கட்டுநாயக்கவில் தரிக்க வேண்டும். கிழக்குப் பக்கமாக இலங்கைக்குள் நுழைந்த விமானம், கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டதாக நினைத்துக் கீழிறங்கியது. இரவு 10 மணி கடந்து சில நிமிடங்களில் மஸ்கெலியா, நோட்டன்பிரிட்ஜ் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அந்த இடத்திலிருந்து கட்டுநாயக்க இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் தூரம். 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது இன்றும் இதுதான்.

என் உம்மும்மாவுக்கு அப்போது 11 வயது. "ஹாஜிமார் வந்த ப்ளேன் மலையில அடிபட்டுட்டாம்" என்று பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் சொன்னதும், அன்று மஃரிபுக்குப் பின் வீட்டில் எல்லோரும் இருந்து யாஸீன் ஓதியதும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏன் மோதியது என்று நான் கேட்டபோது, "மலை தெரிஞ்சிரிக்காது" என்றார். மலை தெரியாத இரவில் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சொற்கள் இருக்கின்றன.

முதலில் வருவது இறைமை என்ற சொல். 1944 டிசம்பர் 7 ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 52 நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையே இன்றைய விமானச் சட்டத்தின் அடித்தளம். அதன் முதலாம் உறுப்புரை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனியான இறைமை உண்டு என்கிறது. அதாவது எங்கள் வீட்டுக்கு மேலால் போகும் வெளிநாட்டு விமானமும் இலங்கைச் சட்டத்துக்குள்தான் போகிறது. இலங்கை 1948 இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இப்போது 193 நாடுகள் இதில் உள்ளன. உடன்படிக்கைக்கு 19 இணைப்புகள் இருக்கின்றன. விமானிகளின் அனுமதிப்பத்திரம் முதலாம் இணைப்பிலும், வானில் செல்லும் விதிகள் இரண்டாம் இணைப்பிலும், விபத்து விசாரணை பதின்மூன்றாம் இணைப்பிலும் வருகின்றன. எமது நாட்டில் இவற்றை நடைமுறைப்படுத்துவது 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை. 1950 ஆம் ஆண்டின் பழைய விமானப் பயணச் சட்டத்தின் இடத்துக்கு 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சேவைகள் சட்டம் வந்திருக்கிறது.

கட்டுநாயக்கவில் அந்த விமானம் யாரையும் ஏற்றவோ இறக்கவோ வரவில்லை. இப்படிப்பட்ட தரிப்பைச் சட்டம் 'போக்குவரத்து நோக்கமற்ற தரிப்பு' என்கிறது. எரிபொருள் நிரப்பலாம், பணியாளர்களை மாற்றலாம், பழுது பார்க்கலாம். பயணிகளை வியாபாரத்துக்காக ஏற்றி இறக்குவதென்றால் அதற்கு வேறு உரிமை வேண்டும். ஹஜ் காலத்தில் அமர்த்தப்படும் இத்தகைய விசேட விமானங்கள் பொதுவாக 'அட்டவணைப்படுத்தப்படாத சேவை' என்ற பிரிவில் அடங்கும். வீட்டில் "சார்ட்டர் ப்ளேன்" என்று சொல்வது இதைத்தான்.

விமானத்துக்கும் குடியுரிமை உண்டு என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. ஒரு விமானம் ஒரே நேரத்தில் ஒரு நாட்டில் மட்டுமே பதியப்படலாம். அந்த நாட்டின் அடையாள எழுத்துகள் அதன் உடலில் எழுதப்பட்டிருக்கும். இலங்கை விமானங்களில் '4 ஆர்' என்று தொடங்கும். இந்தியாவுக்கு 'வீ.டீ.', ஐஸ்லாந்துக்கு 'டீ.எப்.'. ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்தின் அடையாளம் 'பீ.எச்.' என்று தொடங்கியது, அது நெதர்லாந்து. ஆகவே இந்த ஒரு விபத்தில் நெதர்லாந்து பதிவு நாடாகவும் இயக்குநரின் நாடாகவும் ஆகிறது. விமானத்தைத் தயாரித்த டக்ளஸ் நிறுவனத்தின் நாடு என்ற வகையில் அமெரிக்கா தயாரிப்பு நாடு. மலை எங்களுடையது என்பதால் இலங்கை நிகழ்விட நாடு. உயிரிழந்த பயணிகளின் நாடான இந்தோனேசியாவுக்கும் விசாரணையில் தனி அக்கறைக்குரிய இடம் உண்டு. விசாரணையை நடத்த வேண்டிய கடமை நிகழ்விட நாட்டுக்கே.

இனி உயரத்துக்கு வருவோம். தமிழில் 'உயரம்' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். விமானச் சட்டத்தில் அதற்கு மூன்று சொற்கள். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் உயிர் போகும் என்பதால் மூன்றையும் ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன்.

'ஹைட்' என்பது விமானத்துக்கு நேர் கீழேயுள்ள நிலத்திலிருந்தோ, குறிப்பிட்ட வேறொரு மட்டத்திலிருந்தோ உள்ள செங்குத்துத் தூரம். 'ஓல்டிடியூட்' என்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உள்ள தூரம். 'ப்ளைட் லெவல்' என்பது 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்ற நியம அமுக்கத்தை அடிப்படையாக வைத்து, நூறு அடிகளில் சொல்லப்படும் எண்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், அதாவது சுமார் 1,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு விமானம் 4,000 அடி ஓல்டிடியூட்டில் கண்டிக்கு மேலால் பறந்தால், நகரத்துக்கு மேல் அதன் ஹைட் சுமார் 2,400 அடி. அதே 4,000 அடியில் கொழும்புக் கடற்கரைக்கு மேல் பறந்தால் ஹைட்டும் ஏறக்குறைய 4,000 அடிதான். அதே 4,000 அடியில் பன்விலக்கு வந்து நக்கிள்ஸை நோக்கிப் போனால் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர், அதாவது 6,250 அடிக்குச் சற்று மேல். கருவியில் எண் மாறாமலே இருக்கும், நிலம்தான் எழும்பி வரும்.

விமானத்திலுள்ள உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. மேலே போகப் போக அமுக்கம் குறையும் என்ற, நாங்கள் பௌதிகவியலில் படிக்கும் விடயத்தை வைத்தே அது அடிகளைக் காட்டுகிறது. எந்த அமுக்கத்தைத் தொடக்கமாக எடுப்பது என்பதை விமானி ஒரு குமிழைத் திருப்பி அமைக்க வேண்டும். 'கியூ.என்.எச்.' என்ற பெறுமானத்தை அமைத்தால் அது ஓல்டிடியூட்டைக் காட்டும். 'கியூ.எப்.ஈ.' பெறுமானத்தை அமைத்தால் விமான நிலையத்துக்கு மேலுள்ள ஹைட்டைக் காட்டும். 1013.2 ஐ அமைத்தால் ப்ளைட் லெவல். கீழ் வான்வெளியில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழைக்கு ஏறத்தாழ 27 முதல் 30 அடி வரை பிழை வரும். கட்டுப்பாட்டாளர் சொன்ன பெறுமானத்தை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். 'ரீட்பெக்' எனப்படும் இந்தத் திருப்பிச் சொல்லலும் சட்டப்படியான கடமை. எங்கள் வகுப்பில் யாராவது சேரின் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னால் நாங்கள் சிரிப்போம்.

மலைகளின் மேல் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதையும் சட்டம் எண்ணில் சொல்லியிருக்கிறது. கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம் மலைப்பிரதேசத்தில், தான் இருப்பதாகக் கணிக்கும் இடத்திலிருந்து 8 கிலோமீற்றருக்குள் உள்ள மிக உயர்ந்த தடையை விடக் குறைந்தது 2,000 அடி மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 1,000 அடி போதும். இறங்குவதற்கோ ஏறுவதற்கோ அவசியமான நேரம் மட்டும் இதற்கு விலக்கு. அந்தந்த நாடு தன் வான்வெளிக்கு வேறு குறைந்தபட்ச உயரம் நிர்ணயித்திருந்தால் அதுவே செல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிதுருதலாகல 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. அதன் அருகே போக 10,281 அடி வேண்டும். கொம்பனியாவுக்கு 8,250 அடியளவில் வேண்டும். 1974 இல் அந்த விமானம் மலையைத் தொட்ட இடம் 4,355 அடி. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் நிற்கும் பாவாதம் மலையே 7,300 அடிக்கு மேல்.

இந்த விதியில் 'இருப்பதாகக் கணிக்கும் இடம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். 8 கிலோமீற்றர் வட்டத்தின் மையம் தவறினால் மற்றதெல்லாம் தவறும். இலங்கையின் விசாரணை அறிக்கை சொன்ன காரணமும் இதுதான். விமான நிலையத்திலிருந்து தாங்கள் இருக்கும் இடத்தைப் பணியாளர்கள் பிழையாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியிலும் வானிலை ராடாரிலும் தங்கியிருந்தது, பிழையாகப் பொருள் கொள்ள இடம் வைத்தது. டொப்ளர் கருவி கீழ்நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பித் திரும்பி வருவதை வைத்து வேகத்தையும் திசை விலகலையும் அளக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து கூட்டிக் கூட்டியே இடத்தைச் சொல்லும். சுரபாயாவிலிருந்து இவ்வளவு தூரம் கூட்டி வரும்போது சிறு பிழையும் பெரிதாகும்.

"கொழும்பில் இருந்தவர்கள் இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்தானே, பிறகு ஏன்?" என்று உம்மும்மா கேட்டார். எல்லாச் சொற்களிலும் பெரிய சொல் இங்கேதான் வருகிறது, 'கிளியரன்ஸ்'. நாங்கள் 'அனுமதி' என்று மொழிபெயர்க்கிறோம். அனுமதி தந்தவர் பொறுப்பு என்று எங்கள் வழக்கத்தில் எடுத்துக்கொள்வோம். சட்டத்தில் கிளியரன்ஸ் என்பது, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் குறிப்பிடும் நிபந்தனைகளின் கீழ் ஒரு விமானம் செல்வதற்கான அதிகாரமளிப்பு மட்டுமே. ஒரு விமானம் மற்ற விமானத்தோடு மோதாமல் பார்ப்பது கட்டுப்பாட்டாளரின் முதல் நோக்கம். நிலத்தோடு மோதாமல் பார்ப்பது அந்த நோக்கங்களில் சேராது என்று சர்வதேச நடைமுறை நூலில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டாளர் ராடாரைப் பார்த்துத் திசை சொல்லி விமானத்தை அழைத்து வரும் வேளை இதற்கு விதிவிலக்கு. மற்ற வேளைகளில் "இரண்டாயிரம் அடிக்கு இறங்கலாம்" என்று சொன்னால், இடையில் வேறு விமானம் இல்லை என்று பொருள். மலை இல்லை என்று பொருளில்லை. மலையைப் பார்ப்பது விமானியின் பங்கு.

இதே குழப்பம் அதே கிழமையில் உலகின் மறுபக்கத்திலும் நடந்தது என்பதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் 1 ஆம் திகதி, அமெரிக்காவில் வொஷிங்டன் டலஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டீ.டபிள்யூ.ஏ. 514 ஆம் இலக்க விமானம் வேர்ஜினியா மாநிலத்தில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். "அணுகுவதற்கு அனுமதி" என்ற சொற்களைக் கட்டுப்பாட்டாளர் சொன்னதும், இனி இறங்கினாலும் ஆபத்தில்லை என்று விமானிகள் எடுத்துக்கொண்டு 1,800 அடிக்கு இறங்கினார்கள். உயரக் கட்டுப்பாடு இருந்தால் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருப்பார் என்பது அவர்களின் எண்ணம். வரைபடத்தை விமானி பார்த்துக்கொள்வார் என்பது கட்டுப்பாட்டாளரின் எண்ணம். விசாரணைச் சபையின் உறுப்பினர்களே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். இதற்குப் பிறகு அமெரிக்காவில் அந்தச் சொற்களின் பொருள் தெளிவாக வரையறுக்கப்பட்டது. நிலம் நெருங்கும்போது எச்சரிக்கும் கருவி பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கு வந்தது. இன்று அந்தக் கருவி "புல் அப்" என்று கத்தும். நல்ல நிலையிலுள்ள விமானம் விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே அறியாமல் நிலத்தில் மோதுவதற்கு ஒரு தனிப் பெயரும் உண்டு. 'கட்டுப்பாட்டிலுள்ள பறப்பில் நிலமோதல்' என்று தமிழில் சொல்லலாம். இரண்டு மலைகளிலும் நடந்தது அதுவே.

அனுமதி முழுப் பொறுப்பைத் தருவதில்லை என்றால் இறுதிப் பொறுப்பு யாருக்கு? அவருக்குப் பெயர் 'பைலட் இன் கமாண்ட்'. கட்டுப்பாட்டுத் தண்டை அவர் பிடித்திருந்தாலும் மற்றவர் பிடித்திருந்தாலும், விதிப்படி விமானம் செல்வதற்கு அவரே பொறுப்பு. இறுதி அதிகாரமும் அவருக்கே. பாதுகாப்புக்கு முற்றிலும் அவசியமானால் விதியிலிருந்து விலகவும் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. கிளியரன்ஸ் பொருத்தமில்லை என்றால் வேறு கிளியரன்ஸ் கேட்கலாம். "முடியாது" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல, அது அவரது கடமை. பெரியவர் சொன்னால் தலையாட்டிப் பழகிய எங்களைப் போன்ற மாணவிகளுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வேறு சில சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிராபத்து என்றால் 'மேடே', அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான் பான்', ஒவ்வொன்றும் மூன்று முறை. 1990 ஜனவரியில் நியூயோர்க் அருகே அவியங்கா விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். பணியாளர்கள் 'முன்னுரிமை' கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள், ஆனால் அவசரநிலை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'டேக் ஓப்' என்ற சொல்லையும் இன்று கண்டபடி சொல்ல முடியாது. மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே சொல்லலாம், மற்ற நேரம் 'டிபார்ச்சர்'. 1977 இல் தெனெரிப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த பிறகு வந்த வழக்கம் இது. 'ஏரோட்ரோம்' என்பதற்கு நிலத்திலோ நீரிலோ விமானம் இறங்க, ஏற, நகர என ஒதுக்கப்பட்ட இடம் என்று பொருள். மிதவை விமானங்கள் இறங்குவதற்குப் பயன்பட்ட எங்கள் பொல்கொல்ல நீர்த்தேக்கத்துக்கு இந்த வரைவிலக்கணம் நன்றாகவே பொருந்தும்.

'விபத்து' என்ற சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது. பறக்கும் நோக்கத்தோடு முதலாவது ஆள் விமானத்தில் ஏறியதிலிருந்து எல்லோரும் இறங்கும் வரை உள்ள நேரத்துக்குள் நடந்தால்தான் அது விமான விபத்து. காயமடைந்தவர் 30 நாட்களுக்குள் இறந்தால் உயிரிழப்பாகக் கணக்கிடப்படும். விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் நடக்காமல் தடுப்பது. குற்றம் யாருடையது என்று பங்கு பிரிப்பது நோக்கமல்ல என்று பதின்மூன்றாம் இணைப்பு சொல்கிறது. நட்டஈடு வேறு சட்டத்தில் வருகிறது. 1929 வோர்சோ உடன்படிக்கையும், பின் வந்த 1999 மொன்றியல் உடன்படிக்கையும் அதைப் பற்றியவை.

நோக்கம் அப்படியிருந்தும் நாடுகள் ஒத்துப்போவதில்லை. 1978 நவம்பர் 15 ஆம் திகதி இரவு மீண்டும் ஒரு ஹஜ் விமானம், மீண்டும் ஒரு டீ.சீ. 8. இம்முறை கடமையை முடித்துவிட்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் அந்த விமானம் கட்டுநாயக்க ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். நிகழ்விட நாடான இலங்கையின் அறிக்கை, இறங்கும் நடைமுறைகளையும் உயர அறிவிப்புகளையும் பணியாளர்கள் சரியாகப் பின்பற்றவில்லை என்றது. பதிவு நாடான ஐஸ்லாந்து, தரையிலிருந்த இறக்க வழிகாட்டிக் கருவியையும் கட்டுப்பாட்டையும் குறை சொன்னது. விசாரணையில் பங்குபெற்ற நாடு தன் மாற்றுக் கருத்தைக் கொடுத்தால், அதையும் ஏற்காவிட்டால் அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே ஒரு அறிக்கையை வாசிக்கும் மாணவி பின்னிணைப்பையும் வாசிக்க வேண்டும். நான் முதலில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவள்.

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்த வயது 17, பறப்பு நேரம் குறைந்தது 40 மணித்தியாலம். அதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18, பறப்பு நேரம் 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பாடநெறி என்றால் 150. பயணிகள் விமானத்தின் கப்டன் ஆகத் தேவையான உயர்ந்த பத்திரத்துக்கு வயது 21. எல்லாவற்றுக்கும் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையின் கண்பார்வையையும் நிறப் பார்வையையும் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெளிநாடுகளுக்குப் பறக்க ஆங்கிலத் திறனில் ஆறு படிகளில் நான்காம் படியாவது தேவை. மாணவ விமானி தனியாகப் பறக்கலாம், ஆனால் போதனாசிரியரின் மேற்பார்வையோ அவர் தந்த அதிகாரமோ இல்லாமல் முடியாது. 'சோலோ' என்றால் விமானத்துக்குள் அவர் ஒருவர் மட்டுமே என்று பொருள். தம்பியை ஏற்றிக்கொண்டு போக முடியாது. பறப்புப் பாடசாலைகள் இரத்மலானை விமான நிலையத்தில் இருக்கின்றன. செலவு பெரியது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்தச் சொற்களைப் படிப்பதற்கு மட்டும் செலவில்லை.

கண்ணால் பார்த்துப் பறக்கும் மாணவிக்கு, 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 5 கிலோமீற்றர் பார்வைத் தூரம் வேண்டும், முகிலிலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேலோ கீழோ 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும். பன்வில காலைகளை இந்த அளவை வைத்துப் பார்த்தேன். பல நாட்கள் தேறவில்லை.

எனக்கு இப்போது 17 வயது. உம்மாவிடம் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அது கிளியரன்ஸ் இல்லை என்று தெரியும். "எதிர்பார்க்கவும்" என்று கட்டுப்பாட்டாளர் சொல்வதைப் போன்றது. வாப்பா மட்டும் மெப்பை விரித்து, நோட்டன்பிரிட்ஜ் எங்கே என்று என்னிடம் காட்டச் சொன்னார்.